மூன்று தட்டும் எட்டாயிரமும்

மருதமுனை
20.09.2007

அன்பின் மச்சான் கோகுலன்,

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். இது போனில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் நீ வெள்ளவத்தை லாட்ஜில் இருந்தும் நான் மருதமுனையில் இருந்தும் ‘சிக்னல்’, ‘மெஷின்’, ‘அலாரம்’ என்று கதைத்தால், நடுவில் காது வைத்திருக்கிறவன் நம் இருவரைப் பற்றியும் வேறு கதை எழுதிவிடுவான். அதனால்தான் கடுதாசி.

பன்னிரண்டாம் திகதி பின்னேரம் இந்தோனேசியாப் பக்கம் நிலம் ஆடியதை நீயும் கேட்டிருப்பாய். டிவியில் வர முதலே நம்ம பள்ளிவாசலில் நாம் வைத்த கடல் எச்சரிக்கை மெஷினுக்கு அரசாங்க ஒபீஸிலிருந்து அழைப்பு வந்தது. நாம் கட்டியபடியே எல்லாம் நடந்தது. மூன்றாவது மணி அடிக்கும்போதே கணினி தானாக டெலிபோனை எடுத்தது, இரகசிய இலக்கத்தைக் கேட்டது, அம்ப்ளிஃபயரைப் போட்டது. 2004இல் கடல் ஊருக்குள் வந்த அன்று பொத்துவிலில் இருந்து என் மாமா பள்ளி ஒபீஸுக்கு மூன்று தரம் போன் அடித்தும் எடுக்க ஆளில்லாமல் போனதே, அந்தக் குறை இந்த முறை இல்லை.

ஆனால் வெளியே வந்தது பாங்கு சொல்லும் பதியுதீன் மோதினாரின் குரல் இல்லை, மச்சான். ஏதோ அணில் கத்தின மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். முப்பது செக்கன் அறிவித்தல் ஐந்தே செக்கனில் முடிந்தது. ஊரில் யாரும் மௌத்தானால், அந்த மரணச் செய்தியை அறிவிக்க முதல் மோதினார் மைக்கில் மூன்று தட்டுத் தட்டுவாரே, அதைக் கேட்டால் பக்கத்தில் உங்கள் பாண்டிருப்புச் சனமும் உலையை இறக்கிவைத்துவிட்டுக் காது கொடுக்கும் என்று நீதான் அதையும் பதியச் சொன்னாய். அந்த மூன்று தட்டும் சேர்ந்து ஒரு ‘டிர்ர்’. கடற்கரையில் பந்தடித்தவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. அரை மணித்தியாலம் கழித்துப் பொலிஸ் ஜீப் வந்து சொன்ன பிறகுதான் ஓடினார்கள். கடல் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். வந்திருந்தால் சிரித்தவர்கள் எல்லாரும் போயிருப்பார்கள்.

அடுத்த நாள் பள்ளியில் கூட்டம். பள்ளி நிர்வாகத்துச் சீனிமுகம்மது மரைக்கார் எழும்பி, “அந்தச் சாமானக் கொழும்பிலிருந்து அனுப்பினது ஆரு? பாண்டிருப்புப் பொடியன்தானே? வேணுமெண்டே செஞ்சிருப்பான்” என்றார். எனக்கு அந்த நேரம் வாய் வரவில்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நீ அனுப்பிய, கணினியின் ஒலியை வெளியே விடுகிற அந்த நீலநிற சவுண்ட் காட்டில்தான் பிழை என்று எனக்கும் படுகிறது. வேறொன்று பார்த்து அனுப்புவாயா?

மோதினார் கோபத்தில் ஒரு கிழமையாக மைக் இல்லாமல் பாங்கு சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் அவரைக் கண்டால் கீச்சிடுகின்றன.

உன்
சாலிஹ்

—

வெள்ளவத்தை
02.10.2007

சாலிஹ்,

உன் கடிதத்துக்கு முன்பே செய்தி என்னிடம் வந்துவிட்டது. யாரோ இரண்டு பேர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என் கொழும்பு விலாசத்தைக் கேட்டிருக்கிறார்கள். “உங்கட மகன் பள்ளி மெஷினுக்கு என்ன சாமான் குடுத்தவர்?” என்றும் கேட்டிருக்கிறார்கள். அம்மா எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. “இப்ப ஊருக்கு வந்திராத மனே.” இந்த மாதம் வந்து அவவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக இருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

உனக்கு அந்த நேரம் வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். 2004இல் கடல் வந்து போன பிறகு மூன்று நாள் என் தங்கச்சி யசோதினியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கரை முழுக்க நடந்தவன் நீ. அப்போது உன் தொண்டை கட்டியதே தவிர வாய் நிற்கவில்லை. அதனால்தான் இந்த முறை அது எங்கே போனது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒலியைக் கணினியில் வைப்பது என்றால் ஒரு செக்கனுக்கு இத்தனை தரம் என்று அதை அளந்து வைப்பது. டெலிபோன் குரலுக்கு எட்டாயிரம் தரம் போதும். நாமும் மோதினாரின் குரலை எட்டாயிரத்தில்தான் பதிந்தோம். அதை ஒரு காட் நாற்பத்தெட்டாயிரம் வேகத்தில் ஓட்டினால் ஆறு மடங்கு வேகம். முப்பது செக்கன் ஐந்தாகும், மோதினார் அணிலாவார். நடந்தது அதுதான்.

நான் அனுப்பிய காட் அப்படிச் செய்யாது. ஆகவே ஊகம் வேண்டாம். கணினியைப் போட்டு, லினக்ஸின் கறுப்புத் திரையில் நான் தனித்தாளில் எழுதியிருக்கும் இரண்டு கட்டளைகளையும் அடி. முதலாவது காட்டின் அடையாள இலக்கத்தைச் சொல்லும். இரண்டாவது ஒரு சின்னப் பட்டியலைக் காட்டும். அதில் ‘ரேட்ஸ்’ என்று தொடங்கும் வரியில் அந்தக் காட்டுக்கு உண்மையில் ஓடத்தெரிந்த வேகங்கள் இருக்கும். கடைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நான் நம்புவதில்லை, அந்த வரியைத்தான் நம்புவேன். ஒரு எண்ணும் விடாமல் பார்த்து எழுது.

கோகுலன்

—

மருதமுனை
19.10.2007

மச்சான்,

பெருநாள் முடிந்துவிட்டது. வீட்டுக்காரி ஸகியா உனக்கென்று மஸ்கட் இனிப்பு எடுத்து வைத்தாள். கொண்டுவர ஆள் கிடைக்கவில்லை, கடைசியில் நான்தான் தின்றேன். நீ ‘சாலிஹ்’ என்று மொட்டையாகத் தொடங்கியதை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நீ சொன்னபடி செய்தேன். இலக்கத்தின் கடைசி நான்கு 0027. ‘ரேட்ஸ்’ வரியில் இரண்டே எண்கள்: 44100, 48000. எட்டாயிரம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தரமும் பார்த்தேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. இதைப் பொருத்தின அன்று பாட்டுக் கேட்கும் புரோகிராமில் மோதினாரின் குரலைப் போட்டுப் பார்த்தேன். மணி மாதிரி இருந்தது. மூன்று தட்டும் தனித்தனியாக விழுந்தன. அந்த நம்பிக்கையில்தான் அறையைப் பூட்டிவிட்டு வந்தேன். அன்று சரியாகப் பேசினது, தேவைப்பட்ட நாளில் ஏன் மாறினது? உனக்கு விற்ற கடைக்காரனே உன்னை ஏமாற்றியிருக்கலாம். கொழும்புக்காரனுக்கு எட்டாயிரம் என்றால் விலை மட்டும்தானே தெரியும்.

மரைக்கார் மெஷின் அறைக்குத் தன் பூட்டையும் போட்டிருக்கிறார். நான் உள்ளே போனது மோதினாரின் தயவில். அவர் இப்போது மைக்கில் பாங்கு சொல்கிறார். கோபம் தீரவில்லை, தொண்டை நோகிறதாம்.

சாலிஹ்

—

வெள்ளவத்தை
05.11.2007

திரு. சாலிஹ் அவர்களுக்கு,

வாங்குகிற ஒவ்வொரு காட்டின் இலக்கத்தையும் நான் கொப்பியில் எழுதி வைப்பேன் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலும். உங்களுக்கு அனுப்பியதன் கடைசி நான்கு இலக்கம் 0113. அதன் ‘ரேட்ஸ்’ வரி எட்டாயிரத்தில் தொடங்கும். கடையில் வைத்தே என் லினக்ஸ் சீடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அந்த மெஷினில் இப்போது இருப்பது நான் அனுப்பிய காட் இல்லை. நீலநிறக் கூடு ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு.

அன்று மணி மாதிரிக் கேட்டதற்கும் காரணம் சொல்கிறேன். பாட்டுக் கேட்கும் புரோகிராமுக்கும் காட்டுக்கும் நடுவில் லினக்ஸ் ஒரு மொழிபெயர்ப்பாளனை வைத்திருக்கிறது. எட்டாயிரத்தைக் கொடுத்தால் அவன் சத்தமில்லாமல் நாற்பத்தெட்டாயிரமாக மாற்றிக் கொடுத்துவிடுவான். எந்தக் காட்டும் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வது போலத் தெரியும். பள்ளிக் கணினி கிழடு, அந்த மாற்று வேலையையும் சுமந்தால் திக்கும் என்றுதானே நாம் மெஷின் புரோகிராமை நடுவில் ஆளில்லாமல் காட்டோடு நேரே கதைக்க வைத்தோம். நேரே கதைக்கும்போதுதான் காட்டின் உண்மை தெரியும்.

நான் அனுப்பியது எங்கே என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் இனி எதுவும் எழுத வேண்டாம்.

இ. கோகுலன்

—

மருதமுனை
14.03.2008

கோகுலன்,

நான்கு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக்கூடாது என்று ஸகியாவிடம் கொடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

நீ அனுப்பிய காட்டை எரித்தவன் நான். அதை நேரே பள்ளிக்குக் கொண்டுபோகாமல் இரண்டு கிழமை என் கடையில் வைத்திருந்தேன். சவூதியில் இருக்கிற பொடியன்மாரின் கலியாணக் கசெட்டுகளைச் சீடியாக்கித் தரச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். உன் காட்டில் குரல் அவ்வளவு துப்பரவாக ஏறியது. பள்ளிக்கென்று வந்த சாமான் என்று தெரிந்துதான் பாவித்தேன். ஒரு மாரிப் பின்னேரம் இடி விழுந்து கரண்ட் பாய்ந்தது. கணினி தப்பியது, காட் கருகியது. கல்முனைச் சந்தையில் அதே நீலக் கூட்டில் ஒன்று தொங்கியது. வாங்கிப் பொருத்தினேன். பாட்டுப் புரோகிராமில் கேட்டேன், சரியாக இருந்தது, மனதை ஆற்றிக்கொண்டேன்.

நீ கேட்டாய், கூட்டத்தில் என் வாய் எங்கே போனது என்று. மரைக்கார் உன் பேரைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. என் பேர் தப்பியது என்ற நிம்மதி. ஒரு நிமிஷம்தான் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து நினைத்து எனக்கு என்னையே பிடிக்காமல் போய்விட்டது.

உனக்குச் சொல்லிவிட்டேன். பள்ளியில் சொல்லத் துணிவு வரவில்லை. பொய் எழுத விருப்பமில்லாததால் அதையும் எழுதுகிறேன். போன கிழமை உன் அம்மாவைக் கல்முனை மார்க்கெட்டில் கண்டேன். மீன் வாங்கிக்கொண்டு நின்றா. நான் மற்றப் பக்கத்தால் போய்விட்டேன்.

சாலிஹ்

—

வெள்ளவத்தை
11.01.2009

சாலிஹ்,

இந்தப் பார்சலைக் கல்முனை பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இரண்டு காட் இருக்கின்றன. ஒன்று பொருத்த, ஒன்று எரிக்க.

பத்து மாதம் பதில் போடாமல் இருந்தது உன்னைத் தண்டிக்கத்தான். ஆனால் மாரி தொடங்கியதும், அம்மா தனியாக அந்தக் கரையில் இருக்கிறா, மெஷின் ஊமையாக இருக்கிறது என்று மனம் அரிக்கத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கடைகளில் ஏறி இறங்கினேன். பதினொரு காட் பார்த்தேன். ஒரே பெட்டி, ஒரே படம், ஒரே விலை. உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. “எட்டாயிரம் போகுமா?” என்று கேட்டால் கடைக்காரர்கள், “அதுக்கு மேலயும் போகும்” என்று பெருமையாகச் சொன்னார்கள். கூடப் போகிறதுதான் எல்லாருக்கும் வேண்டும். குறைத்து ஓடத்தெரிந்ததைத் தேடுகிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மனுசன் மட்டும் தன் கணினியில் என் சீடியைப் போட்டு எல்லாவற்றையும் பார்க்க விட்டார். ஒன்பதாவதிலும் பதினோராவதிலும் அந்த வரி எட்டாயிரத்தில் தொடங்கியது. கடையிலேயே கண் கலங்கிவிட்டது, வெட்கமாகப் போயிற்று.

திரும்பி வரும்போது காலி வீதிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தமிழ் அடையாள அட்டை, பை நிறைய வயரும் நீலப் பெட்டிகளும். இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். என் அரைகுறைச் சிங்களத்தில், “இது கடல் வந்தால் சத்தம் போடுவதற்கு” என்று சொன்னேன். ஒரு வயதான பொலிஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். “அங்கே நிறையப் பேர் போனார்கள், இல்லையா?” என்றார். தங்கச்சி போனதைச் சொன்னேன். பையை அவரே கட்டித் தந்தார்.

இதைப் பொருத்து. நீ வெட்கப்பட்டு முடியும்வரைக்கும் கடல் காத்துக்கொண்டிராது.

மற்றது, நீ எனக்குச் சொன்னது போதாது. எனக்கு முதலே தெரியும். உன் மரைக்கார் என் பேரைப் பள்ளிக்குள் வைத்துக் கெடுத்தார், அது ஊர்ச் சோதனைச் சாவடி வரைக்கும் போயிற்று, ஒன்றேகால் வருஷமாக நான் வீட்டு வாசலைக் காணவில்லை. என் அம்மாவுக்கு அவ வீட்டில் இருந்துகொண்டே கேட்கிற மாதிரி ஊரறியச் சொல். அதன் பிறகு நான் உனக்கு மச்சான்.

கோகுலன்

—

மருதமுனை
06.06.2009

மச்சான் என்று போடலாமா தெரியவில்லை. வாசித்து முடித்துவிட்டு நீயே போட்டுக்கொள்.

காட்டை மாசியிலேயே பொருத்திவிட்டேன். வரி எட்டாயிரத்தில் தொடங்குகிறது, இலக்கத்தை உன் கொப்பிக்கு இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் மே முடியும்வரை ஒலிபெருக்கியில் பரிசோதனை செய்ய ஒருவரும் ஓம் சொல்லவில்லை. சண்டை முடிந்தது என்று டிவியில் சொன்ன அன்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். பாண்டிருப்புக்குள்ளால் சைக்கிளில் வந்தேன். கதவுகள் சாத்திக் கிடந்தன. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு மரைக்காரின் வீட்டுக்குப் போனேன். கருகின காட்டை அவர் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான் அந்தப் பொடியனுக்குப் பெரிய அநியாயம் செஞ்சிட்டன். நீ வாய மூடிட்டு இருந்து என்னையும் சேத்துக் குழிக்குள்ள தள்ளிட்டாய்” என்றார். ஏச்சு அதோடு நிற்கவில்லை. முடிவில், “வெள்ளிக்கிழம ஜும்மா முடியப் பரிசோதன வெய். என்னத்தச் சொல்லணுமோ அத மெஷினே சொல்லட்டும்” என்றார்.

நான் எழுதிக் கொடுத்ததை மோதினார் வாசிக்க, எட்டாயிரத்தில் பதிந்தேன். என்னைக் கேட்டால் அழகாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் ஒருவரின் பேரை ஒலிபெருக்கியில் எப்படிச் சொல்வது என்று எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு முறைதான் தெரியும். இன்ன ஊர், இன்னாரின் மகன், இன்னார். அதுவும் மூன்று தட்டுக்குப் பிறகு. அந்த அமைப்பில்தான் எழுதினேன், அந்த இழுவையில்தான் அவர் வாசித்தார். எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை, மச்சான்.

நேற்று ஜும்மா முடிந்தது. மரைக்கார் தன் போனில் இருந்து மெஷினுக்கு அடித்தார். மூன்றாம் மணிக்கு எடுத்தது. டொக், டொக், டொக். அவ்வளவு தெளிவாக. “அறிவித்தல். பாண்டிருப்பைச் சேர்ந்த செல்லத்தங்கம் அம்மாவின் மகன் கோகுலன்…” என்றது. அந்த இடத்தில் மோதினார் மூச்சு வாங்கியிருந்தார். பிறகுதான், “…இந்த மெஷினுக்கு அனுப்பிய சாமானில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதை எரித்து, வேறொன்றை மாற்றி வைத்து, அதை மறைத்தவர் ரேடியோக் கடை சாலிஹ். கோகுலனிடம் பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கேட்கிறது” என்று வந்தது. சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது.

பத்து நிமிஷம் இருக்காது. பள்ளிக் கேட் வாசலில் ஆட்கள் விலகினார்கள். உன் அம்மா. செருப்பில்லை, தலை அவிழ்ந்து, கையில் பிசைந்த மா அப்படியே. “என்ட புள்ளைக்கு என்ன? எங்க கிடக்கான்?” என்று கேட்டுக்கொண்டு வந்தா. எனக்கு அப்போதுதான் விளங்கியது நான் என்ன செய்துவைத்தேன் என்று. மூன்று தட்டையும் உன் பேரையும் கேட்டவுடனே, இது உன் மௌத்து அறிவித்தல் என்று நினைத்து அவ ஓடத் தொடங்கியிருக்கிறா. மிச்சம் ஒன்றும் அவவின் காதில் ஏறவில்லை.

“அவனுக்கு ஒண்டுமில்ல அம்மா. நல்லா இரிக்கான். பிழ விட்டது நான்தான்” என்றேன். அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு மாக் கையாலேயே கன்னத்தில் ஒன்று விட்டா. ஜும்மாச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. மரைக்கார் தன் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவ அதில் இருக்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, “நான் முழுசாக் கேக்கல்ல. இன்னொருக்காப் போடுங்க” என்றா.

போட்டோம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசிச் சொல் வரைக்கும் கேட்டா. முடிந்ததும் மோதினாரைப் பார்த்து, “இனிமே பேரச் சொல்லிட்டு மூச்செடுக்காதீங்க” என்றா. ஸகியா ஆட்டோவில் கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டாள்.

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் உன் அம்மாவின் உயிரை எடுக்கப் பார்த்தேன். எப்படி எழுதி முடிப்பது என்று தெரியவில்லை.

சாலிஹ்

—

வெள்ளவத்தை
14.06.2009

மச்சான் சாலிஹ்,

போட்டுவிட்டேன், பார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மா டெலிபோன் பூத்தில் இருந்து அடித்தா. “உன்ட பேரப் பள்ளியில ரெண்டு தரம் சொன்னாங்க மனே. நல்ல தெளிவாக் கேட்டிச்சு” என்றா. ஓடினதைப் பற்றியோ உன்னை அடித்ததைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. உன் கடிதத்தை வாசித்தபோது முதலில் எனக்கு உன் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. பிறகு லாட்ஜ் அறையில் தனியாக இருந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம் முந்தி அந்தக் கரையில் ஒருவரும் ஓடவில்லை என்று எழுதினாய். இப்போது ஒரு ஆள் ஓடியிருக்கிறா, முழங்கால் வருத்தத்தோடு, பத்து நிமிஷத்தில். அப்படியென்றால் குரலும் சரி, வேகமும் சரி. அந்தத் தட்டு 2004இல் ஒருதரம் விழுந்திருந்தால் யசோதினியும் ஓடியிருப்பாள். அவள் அம்மாவைவிட வேகமாக ஓடுவாள். இதை இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கட் எடுத்துவிட்டேன். முதலில் வீட்டுக்குப் போவேன். பிறகு பள்ளிக்கு வந்து, அந்த வரி எட்டாயிரத்தில் தொடங்குகிறதா என்று என் கண்ணால் வாசிப்பேன். உன்னை நம்பாமல் இல்லை. நீ பக்கத்தில் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டு நில், நான் வாசித்து முடிக்கும்வரை.

உன்
கோகுலன்